நான்காவது ஆள்

அத்தியாயம் 11

சுவருக்கு அந்தப் பக்கம் மடிப்பு இயந்திரம் 'டொக்... டொக்' என்று விழத் தொடங்கிவிட்டது. சின்னவள் கண்ணைத் திறக்காமலே எண்ணினாள். இருபது வரை எண்ணிவிட்டு நிறுத்தினாள். எண்ணுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும்.

அவள் எழுதிக்கொண்டிருப்பது கணக்கியலில் முனைவர் பட்ட ஆய்வேடு. நான்கு வருடமாயிற்று. சிறு பட்டறைகளின் கணக்குப் புத்தகத்தில், அந்த வீட்டு மனிதர்கள் ராப்பகலாக உழைக்கும் உழைப்பு ஏன் ஒரு வரியாகக்கூட ஏறுவதில்லை என்பதுதான் விஷயம். ஆறு பட்டறைகளை எடுத்துக்கொண்டு, யார் எந்த நேரத்தில் என்ன வேலை செய்தார்கள் என்று எட்டு வாரம் தாள் கொடுத்து எழுதி வாங்கியிருந்தாள். ஆறாவது பட்டறை அவள் வீடு. அட்டைப்பெட்டி செய்கிற பட்டறை.

மூன்றாம் அத்தியாயத்தைச் சக ஆய்வாளர்கள் போன மாதம் நார் நாராகக் கிழித்ததும், வழிகாட்டி மேடம் போன வாரம் கடைசி எச்சரிக்கை கொடுத்ததும் இந்தக் கதையைத் தொடர்ந்து வருகிறவர்களுக்குத் தெரியும். திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஆய்வுக் குழு கூடுகிறது. அதற்குள் நான்காம் அத்தியாயம் போய்ச் சேராவிட்டால் பதிவு ரத்து. நீட்டிப்புகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. வீட்டில் இதை யாருக்கும் அவள் சொல்லவில்லை. சொன்னால் அப்பா சிரிப்பதை நிறுத்திவிடுவார். அது அவளுக்குத் தாங்காது.

முகத்தைக் கழுவிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தாள். நுழைந்தாள் என்பதைவிடச் செருகிக்கொண்டாள் என்று சொல்லலாம். இரண்டு பக்கமும் கூரை வரை அட்டை. நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் போகிற அளவுக்குத்தான் வழி.

பெரியவள் இயந்திரத்தின் முன் நின்றிருந்தாள். ஒரு கால் தரையில், ஒரு கால் மிதிகட்டையில். அவள் கை அட்டையைத் தள்ளுவதும் இழுப்பதும் தனியாக ஒரு பிராணி வேலை செய்வது போலிருக்கும்.

"எழுந்தாச்சா, மகாராணி?"

"மணி என்னக்கா?"

"ஆறே கால். இன்னிக்குத்தானே உன் காலேஜ் பட்டறை?"

"ம்."

வெட்டும் இயந்திரத்தின் பின்னாலிருந்து அப்பாவின் தலை மட்டும் தெரிந்தது. "அங்க ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி தேறும், டாக்டரம்மா?"

"ஒண்ணும் தேறாதுப்பா. இருக்கிற பெட்டியப் பிரிச்சுப் போடுவாங்க."

"கூலி வாங்காமலா?"

"கூலி வாங்காம."

"அப்ப நம்மளவிட முட்டாளுங்க நாட்டுல இருக்காங்கன்னு சொல்லு," என்று அப்பா மறுபடி அட்டைக்குள் மறைந்தார்.

அம்மா முக்காலியில் உட்கார்ந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். முழங்காலில் துணி சுற்றியிருந்தது. அறுநூறு செருப்புப் பெட்டி நாளைக்குப் போக வேண்டும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசுகிற நேரத்தில் நான்கு பெட்டி செய்யலாம்.

"ரெண்டு மணிக்குள்ள வந்துடு," என்றாள் பெரியவள். "அம்மாவுக்குக் கைகொடுக்க ஆள் வேணும். எனக்கு வெளிய வேலை இருக்கு."

"சரிக்கா."

என்ன வேலை என்று சின்னவள் கேட்கவில்லை. பையில் பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அன்றைய நாளின் மொத்தக் கோளாறும் அதுதான்.

* * *

பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில் கடைசி அறை. ஒரு நீள மேசை, ஐந்து நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கால் சரியில்லை. சரியில்லாத நாற்காலி எழுதியவருக்கு. இது சட்டம் இல்லை. ஆனால் எப்படியோ எழுதியவர்தான் அதில் போய் உட்காருவார்.

வெள்ளிக்கிழமைப் பட்டறையின் உண்மையான சட்டம் வேறு. அத்தியாயத்தை ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கு நாற்பது நிமிடம் மற்றவர்கள் பேசுவார்கள், எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. 'நீங்க' என்று அவரைப் பார்த்துப் பேசவும் கூடாது. 'எழுதியவர்' என்றுதான் சொல்ல வேண்டும். மயக்கம் தெளிந்த நோயாளியைச் சுற்றி நின்றுகொண்டு டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்களே, அதே கதைதான். நாற்பது நிமிடம் முடிந்தால் எழுதியவருக்குப் பத்து நிமிடம். அதிலும் கேள்விதான் கேட்கலாம், வக்காலத்து வாங்கக் கூடாது. கடைசியில் மூன்று பேரும் 'படித்தோம், விவாதித்தோம்' என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார்கள். அந்தத் தாள் இல்லாமல் வழிகாட்டி மேடம் அத்தியாயத்தைத் தொட மாட்டார்.

படித்தவர்கள் கூடுகிற அறையில் யாரும் கத்துவதில்லை. கத்தினால்கூடத் தேவலை என்று சின்னவள் பல தடவை நினைத்ததுண்டு.

மூன்று பேரில் ஒருவர் ஆடிட்டர். பதினைந்து வருடம் தணிக்கை அலுவலகத்தில் பென்சில் பிடித்துவிட்டு, நரை வந்த பிறகு படிக்க வந்தவர். இன்னொருத்திக்கு ஆனாக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். கல்லூரியில் பாடம் எடுக்கிறவள், கைக்குழந்தைக்காரி. 'நல்லா இருக்கு, ஆனா' என்றுதான் எதையும் தொடங்குவாள். மூன்றாவது, மூணாந்தலைமுறை. அப்பாவும் பேராசிரியர், தாத்தாவும் பேராசிரியர். முதல் தலைமுறை என்று விண்ணப்பத்தில் ஒவ்வொரு வருடமும் டிக் அடிக்கிற சின்னவளுக்கு அவன் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அவன் கெட்டவன் இல்லை. அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

ஆடிட்டர் கைபேசியில் நாற்பது நிமிடம் வைத்து அதைக் குப்புறக் கவிழ்த்தார்.

"நல்லா இருக்கு," என்றாள் ஆனாக்கா. "ஆறாம் பட்டறையப் படிக்கிறப்ப எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு. ஆனா..."

"அதானே," என்றான் மூணாந்தலைமுறை. "எங்க இன்னும் வரலியேன்னு பார்த்தேன்."

"சும்மா இருங்க தம்பி. ஒன்பதாம் பக்கத்துல எழுதியவர் சொல்றாங்க, அந்த வீட்டு அம்மாவால பத்து நிமிஷத்துக்கு மேல நிக்க முடியாது, உக்காந்து லேபிள் ஒட்டுறாங்கன்னு. சரி. பின்னிணைப்புல அவங்க தாளப் பார்த்தா, தினமும் காலையில அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் மடிப்பு இயந்திரம்னு இருக்கு. அத உக்காந்து செய்யலாமா?"

சின்னவள் நோட்டில் 'மிதிகட்டை' என்று எழுதினாள். உட்கார்ந்து செய்ய முடியாது. அது அவளுக்குத் தெரியாதா என்ன.

"ஒருவேளை தட்டச்சுப் பிழையோ?" என்றான் மூணாந்தலைமுறை.

"எட்டு வாரமுமா?" என்றார் ஆடிட்டர்.

அவர் தன் பிரதியைத் திருப்பிப் போட்டார். முன்பக்கங்கள் மொடமொடவென்று புதிதாக இருந்தன. பின்பக்கங்கள்தான் கசங்கியிருந்தன.

"நான் எப்பவும் பின்னாடியிருந்துதான் படிப்பேன். முன்னாடி மனுஷன் சொல்ல நினைச்சது இருக்கும். பின்னாடிதான் நடந்தது இருக்கும். ஆறாம் பட்டறையில மூணு பேரு. அப்பா, அம்மா, பெட்டி மூலைக்குக் கம்பிப் பின் அடிக்கிற தொழிலாளி. மூணு பேரோட தாளையும் பார்த்தேன். நேரமெல்லாம் கால், அரை, முக்கால், முழு மணி. மத்த அஞ்சு பட்டறையில அப்படி இல்ல. ஒருத்தர் அஞ்சு நிமிஷக் கணக்கா போடறார், ஒருத்தர் சுத்தமா அரைமணி அரைமணியா. ஆளுக்கொரு பழக்கம். இங்க மூணு பேருக்கும் ஒரே பழக்கம்."

"ஒரே ஆள் எழுதியிருக்காங்க," என்றாள் ஆனாக்கா.

"அதுவும் அன்னன்னிக்கு இல்ல. மொத்தமா உக்காந்து."

சின்னவளின் கை நோட்டில் நின்றது. அவள் தாள்களைக் கொடுத்தது அக்காவிடம். 'எல்லார்கிட்டயும் எழுதி வாங்கி வைக்கா' என்று சொல்லிவிட்டு அடுத்த பட்டறைக்குப் பஸ் பிடிக்க ஓடினாள்.

"அத விடுங்க," என்றார் ஆடிட்டர். "இரண்டாம் பின்னிணைப்புக்கு வாங்க. அது நல்ல சாட்சி. பின் அடிக்கிறவர் பெட்டிய அடுக்கும்போது சுவத்துல சாக்பீஸ்ல கோடு போடறார். காலையில தனி, மத்தியானம் தனி. எழுதியவர் அத தினமும் போட்டோ எடுத்து எண்ணியிருக்காங்க. நேரத்த எழுதினவங்களுக்கும் கோடு போட்டவருக்கும் சம்பந்தமில்ல. அதனால ரெண்டையும் ஒத்துப் பார்த்தேன்."

"பார்க்காம இருப்பீங்களா," என்றான் மூணாந்தலைமுறை.

"திங்கள், புதன், வியாழன், சனி. மத்தியானம் ரெண்டுல இருந்து அஞ்சு வரை நூத்திநாப்பது பெட்டி, கொஞ்சம் முன்னப் பின்ன. செவ்வாயும் வெள்ளியும் தொண்ணூத்தஞ்சு. எட்டு வாரமும் அப்படித்தான். ஆனா தாள்ல மூணு பேரும் எல்லா நாளும் முழு நேரம் வேலை செஞ்சதா இருக்கு."

ஆனாக்கா விரலால் மேசையில் கணக்குப் போட்டாள்.

"மூணு பேரு, மூணு மணி நேரம், தொண்ணூத்தஞ்சு பெட்டி. ஆளுக்கு மணிக்குப் பத்தரை. மத்த பட்டறைங்க மாதிரியேதான். அப்ப செவ்வாயும் வெள்ளியும்தான் சரியான கணக்கு."

"மத்த நாள்ல நாப்பத்தஞ்சு பெட்டி கூடுது," என்றார் ஆடிட்டர்.

"அதாவது..." மூணாந்தலைமுறை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். "அட்டவணையில இல்லாத ஒருத்தர் அந்த அறையில இருக்கார்."

"நாலாவது ஆள். காலையில அஞ்சு மணிக்கு மிஷின்ல நிக்கிறதும் அவங்கதான். செவ்வாய், வெள்ளி மத்தியானம் மட்டும் இருக்கறதில்ல."

மூன்று பேரும் சின்னவளைப் பார்க்கவில்லை. சட்டம் அப்படி. ஆனால் பார்க்காமல் இருப்பதற்கு அவர்கள் பட்ட பாடுதான் உறுத்தியது; பார்த்திருந்தால்கூட அவ்வளவு உறுத்தியிருக்காது.

"யாருன்னு எழுதியவருக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்," என்றாள் ஆனாக்கா, குழந்தையைத் தூங்கப் போடுகிற குரலில்.

அந்தக் குரல்தான் சின்னவளுக்குப் பொறுக்கவில்லை. நார் நாராகக் கிழிக்கட்டும். தடவிக்கொடுக்க வேண்டாம். இன்னும் பதினொரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். இருந்தாள். மற்ற ஐந்து பட்டறைகளிலும் முதல் நாள் அவள் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். 'நேற்று இந்த அறைக்குள் யார் யார் வந்து போனார்கள்?' அதிலிருந்துதான் பட்டியல் போட்டாள். மாமியார், மைத்துனி, அடுத்த வீட்டுக்காரி என்று யார் யாரோ வந்து சேர்ந்தார்கள். அந்தக் கேள்விதான் தன் ஆய்வின் பலம் என்று இரண்டாம் அத்தியாயத்தில் நான்கு பக்கம் பெருமையடித்திருந்தாள். ஆறாவது பட்டறையில் அதை யாரிடமும் கேட்கவில்லை. என் வீட்டில் நான் யாரைக் கேட்பது? அவளே பட்டியல் போட்டாள். அப்பா, அம்மா, பின்காரர்.

ஊருக்கு உபதேசம் செய்கிறவள் வீட்டு விளக்கின் அடியில் அவ்வளவு இருட்டு.

கைபேசி அலறியது. இனி அவள் பேசலாம்.

"ஒரே ஒரு கேள்வி," என்றாள். "அந்த நாலாவது ஆள் மணிக்கு எத்தனை பெட்டி?"

ஆடிட்டர் இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். "பதினஞ்சு. உங்க ஆறு பட்டறையிலயும் அந்த வேகத்துல வேற ஆளே கிடையாதும்மா."

கையெழுத்துத் தாள் சுற்றி வந்தது. மூணாந்தலைமுறை போட்டான். ஆனாக்கா தயங்கித் தயங்கிப் போட்டாள். ஆடிட்டர் பேனாவை மூடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அந்த நாலாவது ஆளோட நேரத் தாள் வரட்டும். ராத்திரின்னாலும் வீட்டுக்கு வந்து போட்டுத் தர்றேன். இப்ப முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க."

"எடுத்துக்கறேன்," என்றாள் சின்னவள். "ஆனா நீங்க சொன்னது சரி."

படிக்கட்டில் மூணாந்தலைமுறை பின்னாலேயே இறங்கி வந்தான்.

"ஒரு நிமிஷம். இரண்டாம் பின்னிணைப்ப எடுத்துடுங்க. அது உங்க வாதத்துக்குத் தேவையே இல்ல. அது இல்லன்னா யாராலயும் ஒத்துப் பார்க்க முடியாது. குழுவுல எவரும் பின்னாடியிருந்து படிக்கிறவர் இல்ல. நீங்க கெஞ்சினா ஆடிட்டரும் போட்டுடுவார்."

"இதெல்லாம் உங்க அப்பா சொல்லிக்கொடுத்ததா?"

"தாத்தா," என்றான் அவன், சிரிக்காமல். "நல்லதுக்குத்தான் சொல்றேன். திங்கக்கிழமை போச்சுன்னா உங்களுக்கு எல்லாம் போச்சு. எனக்குப் போனா, அடுத்த வருஷம் வேற எங்கயாவது சேர்வேன். வித்தியாசம் எனக்கும் தெரியும்."

அவன் போன பிறகு அவள் படிக்கட்டிலேயே நின்றாள். ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஒரு பின்னிணைப்பு, ஆறு பக்கம். உருவிப் போட்டால் நான்கு வருடம் கரையேறும். நியாயம் அநியாயம் என்றெல்லாம் யோசிக்க அவளுக்குச் சக்தி இல்லை. மணிக்குப் பதினைந்து. அந்த எண் மட்டும் செருப்பில் ஏறிய கல் போல ஒவ்வொரு படியிலும் குத்தியது.

* * *

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. அப்பா அட்டைக் கட்டுகளின் மேல் துண்டை விரித்துப் படுத்திருந்தார். பின்காரர் சாப்பிடப் போயிருந்தார். பெரியவள் குழாயடியில் விரலில் ஒட்டிய பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த நேரத் தாளெல்லாம் யார் நிரப்பினது?"

"நான்தான். வேற யாரு?" திரும்பிப் பார்க்கவில்லை. "அப்பாவுக்குப் பேனாவத் தொட்டா தூக்கம் வரும். அம்மாவுக்குக் கண்ணாடி கிடைக்காது. பின்காரர் 'நீயே போட்டுக்கம்மா'ன்னுட்டார். சனிக்கிழமை சனிக்கிழமை ஒவ்வொருத்தரா பிடிச்சுக் கேட்டு எழுதினேன். ஏன், கையெழுத்து நல்லா இல்லையா?"

"எல்லாம் கால் அரை முக்கால்னு இருக்கு!"

பெரியவள் ஈரக் கையால் சுவரைக் காட்டினாள். "அந்தக் கடிகாரத்துல நாலு கோடுதான் இருக்கு. அதுக்கு நான் என்ன பண்ண?"

சின்னவள் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அந்தச் சுவரில் தொங்குகிற கடிகாரம். எண் கிடையாது. நான்கே நான்கு கோடு. இன்றைக்குத்தான் அதைப் பார்ப்பது போலிருந்தது.

"காலையில அஞ்சு மணிக்கு அம்மா மிஷின்ல நிக்கறாங்கன்னு போட்டிருக்க."

"அது நான்."

"அது தெரியுதுக்கா!"

"தெரிஞ்சா ஏன் கத்தற? அப்பா தூங்கறார்." பெரியவள் குழாயை மூடினாள். "அந்த அட்டையெல்லாம் யாராவது மடிச்சிருக்கணும்ல? பேய் வந்து மடிச்சுட்டுப் போச்சுன்னா எழுதறது? எனக்குத் தாள் இல்ல. அம்மா தாள்ல இடம் இருந்துச்சு. போட்டேன்."

"எனக்குத் தாளே தரலியேடின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ படிச்சவ. ஏதோ காரணம் இருக்கும்னு நினைச்சேன்."

குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதுதான் மோசம். உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள். எட்டு வாரம், சனிக்கிழமை சனிக்கிழமை, மூன்று பேருடைய வேலையை மணி மணியாக எழுதிக்கொண்டு, தன்னுடையதை எழுதாததற்குத் தங்கையிடம் படித்தவர்களின் காரணம் ஒன்று இருக்கும் என்று நம்பிக்கொண்டு.

சின்னவள் பையிலிருந்து ஒரு காலித் தாளை எடுத்தாள். வாரத்துக்கு ஏழு கட்டம், நாளைக்கு இருபத்துநான்கு வரி.

"இப்ப எழுது. உன்னோடத. வழக்கமா ஒரு வாரம் எப்படிப் போகும்னு."

பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டு அட்டைக் கட்டின் மேல் தாளை வைத்தாள். வேகமாக எழுதினாள். ஐந்து முதல் ஏழு மடிப்பு. ஏழு முதல் எட்டு அடுப்படி. அம்மாவுக்குக் காலில் தைலம், கால் மணி. திங்கள் முழுவதும் நிரம்பியது. செவ்வாயில் இரண்டு மணிக்கு வந்ததும் பேனா நின்றது. அந்த மூன்று வரியை விட்டுவிட்டு ஐந்துக்குத் தாவினாள்.

"அக்கா, அங்க விட்டுட்ட."

"விட்டுட்டுத்தான் எழுதறேன். வெள்ளிக்கிழமையும் விடுவேன்."

"அப்படி விட முடியாதுக்கா. ஒரு வரி காலியா இருந்தாலும் தாள் செல்லாது. எல்லாருக்கும் அதே விதி, நான்தான் போட்டேன்."

"அப்ப செல்லாததாவே இருக்கட்டும்."

"எங்கக்கா போற?"

பெரியவள் நிமிர்ந்தாள். கோபம் இல்லை அந்த முகத்தில். ரொம்ப நேரம் நின்றவர்களுக்கு வருகிற ஒரு வெறுமை இருந்தது.

"நாலு வருஷமா செவ்வாயும் வெள்ளியும் போறேன். இன்னிக்குத்தான் கேக்கற. அதுவும் உன் தாளுக்காக."

திங்கள் காலையைப் பற்றி, பதிவைப் பற்றி, எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிடலாம். கொட்டினால் அக்கா இளகிவிடுவாள். தங்கை படிப்புக்கு என்றால் எதையும் கொடுத்துவிடுவாள். கொடுத்துக் கொடுத்துத்தான் அவளுக்குத் தாளே இல்லாமல் போயிற்று. அந்த நினைப்பு வந்ததும் சின்னவள் வாயை மூடிக்கொண்டாள்.

பெரியவள் வெள்ளிக்கிழமையிலும் மூன்று வரி விட்டு, தாளை முடித்துக் கையில் கொடுத்தாள். துணிப்பையை எடுத்துத் தோளில் போட்டாள்.

"அறுநூறுல இன்னும் இருநூத்துப் பத்து பாக்கி. மிஷின்ல விரல வெச்சுடாத," என்று சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் நடந்து வெளியே போனாள்.

* * *

வழிகாட்டி மேடம் மூன்றாவது மணி அடித்ததும் கைபேசியை எடுத்தார். சின்னவள் ஒன்று விடாமல் சொன்னாள். பட்டியல் தானே போட்டது, தாள்கள் ஒரே ஆள் நிரப்பியது, அம்மாவின் பெயரில் ஏறிய அக்காவின் மணிகள்.

"இத நீ என்கிட்ட சொல்லியிருக்கவே வேண்டாம். தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"சொல்லிட்டே. இனி எனக்குத் தெரியாதுன்னு நான் சொல்ல முடியாது." ஒரு பெருமூச்சு. மேடமும் களைத்துப்போயிருந்தார். "சரி, கேளு. முதல் மூணு தாளும் மத்தவங்க சொல்ல ஒருத்தர் எழுதினதுன்னு அத்தியாயத்துலயே போடு. காலை மணிகள உங்க அம்மா தாள்ல இருந்து எடு. நாலாவது ஆளோட தாளச் சேர். ஞாபகத்துல இருந்து எழுதினதுன்னு சொல்லு. குழு முணுமுணுக்கும், ஆனா விடும். தாள் கைக்கு வந்தாச்சா?"

"வந்தாச்சு. வாரத்துல ஆறு மணி நேரம் காலி."

"காலின்னா?"

"சொல்ல மாட்டேங்கறாங்க."

"இந்தா பாரும்மா. மறைச்ச தாளோட போனா முழு அத்தியாயத்தையும் தள்ளிடுவாங்க. விதி நீ போட்டது. திங்கள் ஒன்பது மணி, தாள் முழுசா இருக்கணும். அதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

கைபேசியை அட்டைக் கட்டின் மேல் வைத்துவிட்டு, சின்னவள் மடிப்பு இயந்திரத்தின் முன்னால் போய் நின்றாள். மிதித்தாள். அட்டை கோணலாக மடிந்தது. இன்னொன்று. அதுவும் கோணல். ஆறு பட்டறைகளின் வேகத்தையும் தசமத்தில் கணக்கிட்டவளுக்கு ஒரு பெட்டி நேராக வரவில்லை.

"மிதிக்காத. அழுத்து," என்றாள் அம்மா முக்காலியிலிருந்து. "வண்டிச்சக்கரமா அது?"

அழுத்தினாள். நான்காவது அட்டை ஏறக்குறைய ஒழுங்காக வந்தது.

"போன்ல பேசினதக் கேட்டேன்," என்றாள் அம்மா, லேபிளில் பசையைத் தடவிக்கொண்டே. "திங்கக்கிழமைக்குள்ள தரலன்னா படிப்பு போயிடுமா?"

பொய் சொல்லிப் பார்க்கலாம். அலுப்பாக இருந்தது. "போயிடும்மா."

அம்மா லேபிளை ஒட்டினாள். கட்டைவிரலால் நீவிவிட்டாள். அடுத்ததை எடுக்கவில்லை.

"அவ எங்க போறான்னு எனக்குத் தெரியும்."

மிதிகட்டையில் சின்னவளின் கால் அப்படியே நின்றது.

"உங்க அப்பாவுக்கும் தெரியும். பின்காரருக்குக்கூடத் தெரியும். உன்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டா. தெரிஞ்சா நீ படிப்ப விட்டுடுவியோன்னு பயம்."

"நான் எதுக்கும்மா படிப்ப விடணும்?"

அம்மா பசைக் கிண்ணத்தை ஓரம் தள்ளினாள். "இப்ப சொல்லலன்னாலும் படிப்பு போகப்போகுது. அப்புறம் என்ன சத்தியம் வேண்டிக்கிடக்கு? பேனாவ எடு. செவ்வாய்க்கு மூணு வரி, வெள்ளிக்கு மூணு வரி, அவ்வளவுதானே? நான் சொல்றேன், நீ எழுது. அவ கையெழுத்து மாதிரியே எழுதிடு. யாரு வந்து பார்க்கப்போறா?"

தாள் பக்கத்திலேயே கிடந்தது. பேனா சின்னவளின் காதில் செருகியிருந்தது. அம்மா சொல்லிவிடுவாள். வாய் திறந்தேயிருந்தது. இரண்டு வாக்கியம் போதும். திங்கள் ஒன்பது மணி தாண்டிவிடும், ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுவிடுவார், நான்கு வருடம் நான்கு வருடமாகவே நிற்கும். அதோடு, எல்லோருக்கும் தெரிந்து தனக்கு மட்டும் தெரியாத அந்த ஆறு மணி நேரம் என்னவென்றும் தெரிந்துவிடும். படிப்பைவிட இப்போது அதுதான் அவளை அதிகமாகப் பிடுங்கித் தின்றது.

"அவ..." என்று அம்மா தொடங்கினாள்.

"வேண்டாம்மா."

"ஏண்டி?"

"சொல்லாத. அது அவ தாளு."

"அவ சொல்ல மாட்டாடி. எனக்குத் தெரியாதா என் பொண்ண? ஞாயித்துக்கிழமை வரைக்கும் கெஞ்சினாலும் சொல்ல மாட்டா."

"சொல்லாட்டிப் போகட்டும்."

"அப்ப திங்கக்கிழமை?"

சின்னவள் கோணலாய் மடிந்த மூன்று அட்டைகளையும் காலால் ஓரம் தள்ளினாள்.

"திங்கக்கிழமை அது பாட்டுக்கு வரும்மா. நீ அட்டைய எடுத்துக் குடு."